தகைவிலானும் இராசாளியும்

அரபு வகுப்பில் பறவைகளின் பெயர்களை நாம் பாடம் சொல்லும் நாளில், மாணவர் தவறாமல் சிரிக்கும் பெயர் ஒன்றுண்டு. அது 'ஸுனூனு'. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வருவதால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சொல்லாகத் தோன்றும். பருவமழையை ஒட்டி வடக்கேயிருந்து வந்து, நம்மூர் மின்கம்பிகளில் மணி கோத்தாற்போல் வரிசையாக அமர்ந்திருக்கும் பிளந்த வாலுடைய சிறு பறவையே அது. தமிழில் அதனைத் தகைவிலான் என்பர். அடுத்து வரும் பெயர் 'ஷாஹீன்'. பாரசீகத்தில் பிறந்து அரபியிலும் உருதுவிலும் குடியேறிய சொல். வானுயரத்தில் வட்டமிட்டு இரைமேல் பாயும் இராசாளியைக் குறிப்பது. அல்லாமா இக்பால் தம் கவிதைகளில் இளைஞர்க்கு முன்மாதிரியாக நிறுத்திய பறவையும் இதுவே.

இவ்விரு பறவைகளின் பெயர்களும் அமெரிக்க நாட்டின் வாக்குச்சீட்டு ஒன்றில் எதிரெதிராக அச்சிடப்பட்டன என்றால் வாசகர் வியப்புறுவர். ஒருமுறையன்று, இருமுறை அவ்வாறு நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் செனட் பதவிக்கு ஜான் சுனூனு என்பாரும் ஜீன் ஷாஹீன் என்னும் அம்மையாரும் போட்டியிட்டனர். முதற்போட்டியில் தகைவிலான் வென்றது. இரண்டாவதில் இராசாளி வென்றது. ஆட்கள் அதே இருவர். மாநிலம் அதே மாநிலம். தீர்ப்பு மட்டும் தலைகீழாயிற்று. அது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெயர்ப் பொருத்தத்தில் உள்ள சுவை நம்மை வாயில்வரை அழைத்து வந்தது. உள்ளே இருப்பது வேறு.

ஊரும் ஆட்சிமுறையும்

நியூ ஹாம்ப்ஷயர் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறு மாநிலம். 2010ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் மக்கள்தொகை 13 இலட்சமே. ஆயினும் அதன் சட்டமன்றக் கீழவையில் 400 உறுப்பினர் உள்ளனர். ஆண்டுக்கு 100 டாலரே அவர்தம் ஊதியம். அரசியல் அங்கே பிழைப்பாக இல்லாமல் அண்டை வீட்டார் கூடிச் செய்யும் காரியமாக இருப்பதற்கு இது ஒரு சான்று. சம்பளத்தின் மீது மாநில வருமான வரி இல்லை. பொது விற்பனை வரியும் இல்லை. அடிமையாய் வாழ்வதினும் சாவதே மேல் என்னும் கருத்துடைய வாசகமே அம்மாநிலத்தின் இலச்சினை மொழி. வண்டிகளின் எண்பலகையிலும் அதைப் பொறித்து வைத்திருக்கின்றனர்.

நம் நாட்டு வாசகர்க்கு இங்கே இரண்டு விளக்கங்கள் தேவை. நம்மிடையே கவர்னர் என்பவர் தில்லியிலிருந்து நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் கவர்னர் என்பவர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்டு மாநிலத்தை ஆள்பவர். நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர். நியூ ஹாம்ப்ஷயரில் அவர் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். எனவே ஆறாண்டு ஆண்டவர் மூன்று முறை மக்கள் முன் நின்று தேறியவராவார்.

மற்றொன்று செனட். அது நாட்டின் மேலவை. பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் மாநிலத்துக்கு இருவர் என, 50 மாநிலங்களுக்கு 100 பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் போட்டியிடலாம். 1913ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் வரும்வரை, நம் மாநிலங்களவையைப் போல, சட்டமன்றத்தாரே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தனர். அதன்பின்னரே அவ்வுரிமை மக்கள் கைக்கு வந்தது.

பதவியில் உள்ள செனட்டரை வீழ்த்துவது எளிதன்று. பெயர் ஊரறிந்தது, நிதி திரண்டு வரும், செய்த நன்மைகளை எடுத்துச் சொல்ல ஆட்கள் உண்டு. அத்தகையவரை எதிர்க்கத் தக்கவர் யார் என்று கட்சிகள் தேடும்போது முதலில் கண்ணில் படுபவர் மக்கள் விரும்பிய முன்னாள் கவர்னரே. பனிப்புயலிலும் வெள்ளத்திலும் மக்கள் பார்த்த முகம் அது. செனட்டரோ தொலைவில் தலைநகரில் நூற்றுவருள் ஒருவராக இருப்பவர். எனவே இத்தகைய போட்டி இரண்டு அறிமுகங்களுக்கு இடையே நடக்கும் போட்டி எனலாம்.

இரு குடும்பங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், துருக்கிய உதுமானியப் பேரரசின் கீழிருந்த லெபனான் மலைப்பகுதியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிரியா, பலஸ்தீன் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்க நிலங்களுக்குக் கடலேறிச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் கிறிஸ்தவ அரபிகள். தோளில் மூட்டை சுமந்து ஊர் ஊராகத் துணியும் ஊசியும் விற்றவர் பலர். நெசவாலைகளில் கூலிகளானவர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் வழக்கறிஞராகவும் பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் உயர்ந்தனர். லெபனானியப் பெற்றோருக்குப் பிறந்த ஜேம்ஸ் அபூரெஸ்க் 1973இல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் செனட்டராகப் பதவியேற்று, அப்பதவியை அடைந்த முதல் அரபு அமெரிக்கரானார்.

சுனூனு குடும்பமும் லெபனான், பலஸ்தீன் மண்ணில் வேர்கொண்டது. செனட்டரின் தந்தையாராகிய மூத்த ஜான் சுனூனு கியூபாவின் ஹவானா நகரில் பிறந்தவர். 1983 முதல் 1989 வரை நியூ ஹாம்ப்ஷயரின் கவர்னராக ஆண்டு, பின்னர் மூத்த புஷ் அதிபரின் மாளிகைத் தலைமை அலுவலராக விளங்கியவர். மகன் 1964இல் பிறந்தார், பொறியியல் கற்றார், 1997 முதல் ஆறாண்டுகள் நாடாளுமன்றத்தின் கீழவையில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தார்.

ஷாஹீன் என்னும் பெயர் அம்மையாருக்குக் கணவர் வழியாக வந்தது. கணவர் பில் ஷாஹீன் லெபனானிய வம்சத்தவர். அம்மையார் 1947இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். ஜனநாயகக் கட்சித் தேர்தல் பணிகளில் பழகித் தேர்ந்து, 1990இல் மாநில மேலவைக்கும் 1996இல் கவர்னர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அம்மாநிலத்தில் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண் அவரே.

முதற்போட்டி

ஷாஹீன் அம்மையாரின் ஆட்சி மக்கள் விரும்பிய ஆட்சியாகவே தொடங்கிற்று. மழலையர் வகுப்புகள் இல்லாத ஊர்களுக்கு அவை பரவின. மார்ட்டின் லூதர் கிங் நினைவாக விடுமுறை நாள் அறிவிக்கும் சட்டத்தில் 1999இல் அவர் கையொப்பமிட்டார். அப்பெயரில் அந்நாளை ஏற்ற கடைசி மாநிலங்களுள் ஒன்று நியூ ஹாம்ப்ஷயர். 1998இல் மூன்றில் இரு பங்கு வாக்காளர் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். இதனால் அவர் செயல் அனைத்தும் போற்றத்தக்கது என்று நாம் சொல்ல வரவில்லை. மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா 2000ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது அதை மறுதலித்துத் திருப்பியவரும் அவரே. அம்மாநிலத்தில் அத்தண்டனை ஒழிய 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு இடறலாக வந்தது பள்ளிக்கூடச் செலவு. ஒவ்வோர் ஊரும் தன் பள்ளியைத் தன் ஊர்ச் சொத்து வரியைக் கொண்டே நடத்தி வந்தது. செல்வர் ஊரில் வரி குறைவு, பள்ளி செழிப்பு. ஏழையர் ஊரில் வரி மிகுதி, பள்ளி மெலிவு. இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்துக்கு எங்கே போவது? புதிய பொது வரி எதுவும் கொண்டுவர மாட்டேன் என்று தேர்தல்தோறும் வேட்பாளர்கள் உறுதிமொழி தருவது அம்மாநில வழக்கம். முதலிரு தேர்தல்களில் அவ்வுறுதி தந்த அம்மையார், 2000இல் தர மறுத்தார், அப்போதும் வென்றார். அடுத்த ஆண்டு, பள்ளிகளுக்காக 2.5 விழுக்காடு விற்பனை வரி ஒன்றை முன்மொழிந்தார். சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. வரி வரவில்லை, வரி கேட்டவர் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

2002இல் அவர் செனட் பதவிக்கு நின்றபோது எதிர்த்தரப்பு கையில் எடுத்த கோல் அதுவே. சுனூனு அப்போது செனட்டரல்லர். தம் சொந்தக் கட்சியின் செனட்டராக இருந்த பாப் ஸ்மித் என்பவரை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்திவிட்டுக் களத்துக்கு வந்தவர். 2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் அதிபர் இளைய புஷ்ஷின் செல்வாக்கு உயர்ந்திருந்த காலம். அவர் நேரில் வந்து சுனூனுவுக்கு ஆதரவு திரட்டினார். ஏறத்தாழ 20,000 வாக்கு வேறுபாட்டில் சுனூனு வென்றார்.

அந்நாளில் ஈராக் மீது போர் தொடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நாட்டின் முன் இருந்தது. சுனூனு கீழவையில் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். ஷாஹீன் அம்மையாரும் அதை ஆதரித்தே பேசினார். பக்தாதின் மீது குண்டு விழுவதா என்ற கேள்வியில், அரபுப் பெயர் தாங்கிய இவ்விருவருக்கும் இடையே அன்று வேறுபாடு இல்லை. பெயர் ஒரு மண்ணிலிருந்து வரலாம். அம்மண்ணின் துயரம் அதனோடு கூடவே வருவதில்லை என்பதை இங்கே மனத்தில் கொள்ளல் நன்று.

ஒன்றரை மணி நேரம்

அத்தேர்தல் நாளில் நிகழ்ந்த ஒரு செயலைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. 2002 நவம்பர் 5ஆம் நாள் காலையில், முதியோரையும் வாகனமற்றோரையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்ல ஜனநாயகக் கட்சியும் மான்செஸ்டர் நகரத் தீயணைப்பு வீரர் சங்கமும் தொலைபேசி எண்களை அறிவித்திருந்தன. திடீரென அவ்வெண்களெல்லாம் ஓயாது ஒலிக்கத் தொடங்கின. எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை. வைத்தவுடன் மீண்டும் மணி. உதவி வேண்டி அழைப்பவர் குரல் உள்ளே நுழைய வழியில்லாது போயிற்று. தொலைவில் ஐடஹோ மாநிலத்திலிருந்த ஒரு நிறுவனத்திலிருந்து, கூலி கொடுத்துச் செய்விக்கப்பட்ட வேலை அது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடந்தபின் நிறுத்தப்பட்டது. குடியரசுக் கட்சியின் மாநில நிர்வாக இயக்குநரும் அவருக்கு இடைத்தரகராயிருந்தவரும் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றனர். சுனூனுவுக்கு இதில் தொடர்பு இருந்ததாக எந்த விசாரணையும் கூறவில்லை.

20,000 வாக்கு வேறுபாடுள்ள முடிவை ஒன்றரை மணி நேரத் தொலைபேசித் தொல்லை மாற்றியிருக்குமா என்று சிலர் கேட்பர். மாற்றியிராது என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் களவு என்பது திருடிய பொருளின் விலையால் மட்டும் அளக்கப்படுவதன்று. வாக்கு என்பது ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானத். வீட்டு வாயிலில் கைத்தடியோடு வண்டிக்குக் காத்து நிற்கும் ஒரு மூதாட்டியின் அமானத்தைத் தட்டிப் பறிப்பது, ஒரு வாக்காயினும் பறிப்பே.

செனட்டரின் ஆறாண்டு

சுனூனு செனட்டில் நுழைந்தபோது அவையில் அவரே வயதில் இளையவர். பெரும்பாலும் தம் கட்சியோடும் தம் அதிபரோடும் இணைந்தே வாக்களித்தார். ஆயினும் மூன்று இடங்களில் அவர் தனித்து நின்றார். அவற்றைச் சற்று விரிவாகச் சொல்வோம்.

2001 அக்டோபரில், பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென்று 'பேட்ரியட் சட்டம்' என்ற ஒன்று அமெரிக்காவில் அவசரமாக இயற்றப்பட்டது. ஒருவர் நூலகத்தில் என்ன படித்தார், கடையில் என்ன வாங்கினார் என்னும் பதிவேடுகளையெல்லாம் கேட்டு வாங்கப் புலனாய்வுத் துறைக்கு அது வழி திறந்தது. பதிவேட்டைக் கொடுத்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவும் தடை இருந்தது. இச்சட்டத்தின் நிழல் அந்நாட்டு முஸ்லிம் குடும்பங்களின் மீது எவ்வளவு கனமாக விழுந்தது என்பதை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2005 டிசம்பரில் அச்சட்டத்தைப் புதுப்பிக்கும் மசோதா வந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 வாக்குகள் தேவை. கிடைத்தவை 52. தங்கள் கட்சியின் விருப்பத்தை மீறி எதிரணியோடு சேர்ந்து நின்ற நான்கு குடியரசுக் கட்சியினருள் சுனூனு ஒருவர். பின்னர் அவரே முன்னின்று ஓர் உடன்பாடு கண்டார். வாய்ப்பூட்டை எதிர்த்து ஓராண்டுக்குப் பின் நீதிமன்றம் செல்லும் உரிமையும், நூலகங்களுக்குச் சிறிது பாதுகாப்பும் கிடைத்தன. 2006 மார்ச்சில் சட்டம் அவ்வாறு நிறைவேறிற்று. இது போதாது, யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று எதிர்த்தோரும் இருந்தனர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் அச்சம் ஆட்சி செய்த நாளில் தன் கட்சிக் கூடாரத்தினுள்ளிருந்தே ஒருவர் கைநீட்டித் தடுத்தார் என்பது சிறு செயலன்று.

இரண்டாவது, 2007 மார்ச்சில் நிகழ்ந்தது. அரசு வழக்கறிஞர் பலர் பதவி நீக்கப்பட்ட செய்தியும், புலனாய்வுத் துறை தன் அதிகாரத்தை மீறிய செய்தியும் வெளிவந்தபோது, நீதித்துறைத் தலைவர் கான்சாலஸ் விலக வேண்டும் என்று குரல் கொடுத்த முதல் குடியரசுக் கட்சி செனட்டர் சுனூனுவே.

மூன்றாவது, வீட்டுக்கடன் பற்றியது. ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்னும் இரு பெரும் நிறுவனங்கள் நாட்டின் வீட்டுக்கடன்களைத் தாங்கி நின்றன. அவற்றுக்குக் கடுமையான மேற்பார்வை வேண்டுமென்று 2005இல் செனட்டர் ஹேகல் கொண்டுவந்த மசோதாவில் உடன் நின்றவர் சுனூனுவும் எலிசபெத் டோலும். அது குழுவைத் தாண்டி முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. 2008 செப்டம்பரில் அவ்விரு நிறுவனங்களும் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. எச்சரித்தவர் சொல் அம்பலம் ஏறவில்லை. எச்சரித்த தீமை மட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டாம் போட்டி

இதற்கிடையே ஷாஹீன் அம்மையார் அரசியலை விட்டு அகலவில்லை. 2004இல் ஜான் கெர்ரியின் அதிபர் தேர்தல் பணியில் தேசியத் தலைமை வகித்தார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் பயிலகம் ஒன்றின் இயக்குநராக இருந்தார். 2007 செப்டம்பரில் மீண்டும் செனட்டுக்குப் போட்டியிட முடிவு செய்தார். அறிவிப்பு வருமுன்னரே கருத்துக்கணிப்புகளில் அவர் முன்னே நின்றார். ஐந்தாண்டு இடைவெளியில் விற்பனை வரி மக்கள் மனத்தில் மங்கிவிட்டது. கவர்னராக இருந்தபோது பழகிய முகமும் குரலும் மங்கவில்லை. பதவியை விட்டு நீங்கியவரை மக்கள் நினைவு பெரும்பாலும் நல்லவராகவே வைத்துக்கொள்கிறது. முன்னாள் கவர்னர்களின் பலம் அதில் இருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரும் மாறிக்கொண்டிருந்தது. 2000இல் புஷ்ஷுக்கு வெற்றி தந்த அம்மாநிலம், 2004இல் குறுகிய வேறுபாட்டில் கெர்ரியைத் தேர்ந்தது. 2006இல் நாடாளுமன்றத்தின் கீழவை இடங்கள் இரண்டும், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. ஈராக் போர் முடிவில்லாது நீண்டது. 2002இல் போரை ஆதரித்த அம்மையார், இப்போது படைகள் திரும்ப வேண்டும் என்றார். இந்த மாற்றம் உள்ளத்தில் நேர்ந்ததா, காற்றின் திசையறிந்து நேர்ந்ததா என்று ஆராய்வது நம் வேலையன்று. சுனூனுவோ அம்மாற்றத்தையும் தெளிவாகச் செய்யவில்லை.

2008 செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் நிதி நிறுவனம் வீழ்ந்தது. வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் திட்டம் அவசரமாக வந்தது. அக்டோபர் முதல் நாள் செனட்டில் அது 74க்கு 25 என்ற வாக்கில் நிறைவேறிற்று. சுனூனு ஆதரித்தார், வெளியில் இருந்த ஷாஹீன் எதிர்த்தார். பொறுப்பில் இருப்பவர் முடிவெடுத்துப் பழி சுமப்பதும், வெளியில் இருப்பவர் குறை கூறிப் புகழ் பெறுவதும் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. முன்பு எச்சரித்தவர் இப்போது செலவுக்குக் கைதூக்கியவராக மட்டுமே மக்கள் கண்ணுக்குத் தெரிந்தார்.

எதிர்த்தரப்பின் பேச்சு எளியது: இவர் புஷ்ஷின் ஆள். அதை மறுக்கச் சுனூனுவுக்குப் பல நுண்ணிய விளக்கங்கள் தேவைப்பட்டன. விளக்கம் தேவைப்படும் உண்மை, விளக்கம் தேவைப்படாத குற்றச்சாட்டின் முன் தேர்தல் மேடையில் நிற்பதில்லை. நவம்பர் 4ஆம் நாள் பராக் ஒபாமா அம்மாநிலத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு வேறுபாட்டில் வென்றார். ஷாஹீன் ஏறத்தாழ 52 விழுக்காடும் சுனூனு 45 விழுக்காடும் பெற்றனர். வேறுபாடு ஏறத்தாழ 44,000 வாக்குகள். கவர்னராகவும் செனட்டராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பெண் என்ற சிறப்பு ஷாஹீன் அம்மையாருக்கு உரித்தாயிற்று.

யாரை அடித்துச் சென்றது வெள்ளம்?

அரபியில் போரை 'ஸிஜால்' என்பர். கிணற்றில் மாறி மாறி இறங்கி ஏறும் வாளிகளைக் கொண்டு பிறந்த வழக்கு அது. இன்று ஒருவர் கையில் நிறைவாளி, நாளை மற்றவர் கையில். இவ்விருவர் வரலாற்றையும் அவ்வாறு சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது போதாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. 2002இல் புஷ்ஷின் காற்று சுனூனுவைத் தூக்கிற்று. 2008இல் அதே காற்று திரும்பி அவரைத் தள்ளிற்று. இரு தேர்தல்களிலும் மக்கள் இவ்விருவரின் குணத்தை மட்டும் எடைபோடவில்லை. அவர்க்குப் பின்னால் நின்ற அதிபரையும் சேர்த்தே எடைபோட்டனர். இதில் மக்களைக் குறை சொல்வதற்கில்லை. செனட்டில் ஒரு இடம் என்பது ஒரு மனிதர் மட்டுமன்று. எந்தக் கட்சிக்கு அவை சொந்தம், எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பனவெல்லாம் அந்த ஒரு இடத்தால் முடிவாகலாம். போரை நிறுத்த விரும்பிய வாக்காளர், போர் நடத்திய கட்சியின் எண்ணிக்கையைக் குறைக்க எண்ணியது நியாயமே.

ஆயினும் ஒரு கசப்பான உண்மை இதனுள் மறைந்துள்ளது. வெள்ளம் வரும்போது முதலில் இடிவது கரையோர வீடுகளே. கட்சியின் கோட்டைக்குள் இருக்கும் செனட்டர், தலைவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாலும் அவர் இடம் அசையாது. இரு கட்சியும் சமமாக இழுபடும் மாநிலத்திலிருந்து வருபவரே இரு பக்கமும் செவிசாய்க்க வேண்டியவர். தம் கட்சியைத் தட்டிக் கேட்கும் துணிவும் பெரும்பாலும் அவரிடமே பிறக்கிறது. அலை திரும்பும்போது அடித்துச் செல்லப்படுபவரும் அவரே. 2008இல் தோற்ற குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஐவர். வீட்டுக்கடன் மசோதாவில் முதலில் நின்ற மூவருள் ஹேகல் அம்முறை போட்டியிடாமல் விலகினார். டோலும் சுனூனுவும் தோற்றனர். 2009 சனவரியில் அவை கூடியபோது மூவரில் ஒருவரும் அங்கில்லை. தலையாட்டியவர் பலர் தத்தம் இருக்கையிலேயே இருந்தனர்.

எனில் தனித்து நின்றதனால் சுனூனுவுக்குப் பயன் யாது என்று கேட்கலாம். தேர்தலில் பயன் இல்லை. ஆனால் அவர் கைநீட்டித் தடுத்ததனால் நூலகம் நடத்துவோர் சிலருக்கும், வாய்ப்பூட்டு இடப்பட்ட சிலருக்கும் நீதிமன்றக் கதவு சிறிதேனும் திறந்தது. அவர்களுள் பலருக்கு அவர் பெயரே தெரிந்திராது. பொதுப்பணியில் செய்யும் நன்மைக்குக் கூலி வாக்குப்பெட்டியிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர், நன்மையை விரைவில் நிறுத்திவிடுவர்.

வென்றவரும் தம் வெற்றியை வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக உழைத்து, அதனாலேயே உயிருக்கு அஞ்சி நின்றவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கிடைக்க, எதிர்க்கட்சியின் ஜான் மெக்கெயினோடு சேர்ந்து ஷாஹீன் அம்மையார் பல ஆண்டு பாடுபட்டார். 2014இலும் 2020இலும் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தோற்ற சுனூனுவோ 2009இல், தாம் வாக்களித்த அதே வங்கி மீட்புத் திட்டத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவில் அமர்ந்தார். தோல்வி ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை.

2025 மார்ச்சில், அடுத்த ஆண்டுத் தேர்தலில் தாம் நிற்கப்போவதில்லை என்று ஷாஹீன் அம்மையார் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், அவ்விடத்துக்குப் போட்டியிட முன்வருவதாக அறிவித்தவர்களுள் ஒருவர் ஜான் சுனூனு. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தகைவிலான் பழைய கம்பியைத் தேடி வந்தது. வலசை போகும் பறவைக்குத் திரும்பி வருவது இயல்புதானே.

வாக்களிக்கும் உரிமையுடைய நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. காற்று எப்பக்கம் அடிக்கிறது என்பதை எல்லாரும் அறிவர். அதை அறியப் பெரிய அறிவு வேண்டுவதில்லை. நம் முன் வந்து வாக்குக் கேட்பவர், காற்று எதிர்த்து அடித்த நாளில் எங்கே நின்றார், யாருக்காக நின்றார் என்பதைக் கேட்டறிந்து, அதையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். நிறுத்தபின் அவருக்கு வாக்களிப்பதும் மறுப்பதும் நம் உரிமை. நிறுக்காமலே தள்ளுவது மட்டும் நீதியாகாது.